தெரியும் என்று சொன்னேன்

ஒரு மீனவரை அவருடைய ஊர் தள்ளிவைத்ததற்கு நான் காரணம். பொய் சொல்லித்தான் அதைச் செய்தேன். சொன்னது இரண்டே சொல். அந்த மனிதர் மேல் குற்றமில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். அப்படியிருந்தும் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டேன். இதை இனி நயமாகச் சொல்லிப் பயனில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தவன். படிப்பு முடித்த கையோடு, இரண்டு வருடம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்வதென்று எழுதிக் கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி மாறி, புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் காகிதத்தில் ஊர் இன்னும் பிரான்சுக்குச் சொந்தம் என்றார்கள். எனக்கு இரண்டு வகையிலும் அது வெளிநாடுதான். நான் பேசும் தமிழைக் கேட்டுக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

எங்கள் மருந்தகம் ஊருக்கு வடக்கே, மீனவக் குப்பங்களுக்குப் பக்கத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தது. பொறுப்பில் இருந்தவர் ஒரு நர்ஸ். விழுப்புரத்துப் பக்கத்துக்காரர், விதவை, நாற்பத்தைந்து வயதிருக்கும். குப்பத்து ஜனங்கள் அவரைச் சிஸ்டரம்மா என்றார்கள், நான் அக்கா என்றேன். காலையில் மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு சிறு ஜெபம் உண்டு. அதைச் சொல்வது என் வேலை. ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்ன பிறகுதான் அக்கா மருந்து அலமாரியைத் திறப்பார். அது அவர் வைத்த ஒழுங்கு.

அந்த மீனவர் காலில் திருக்கை முள் ஏறி, சீழ் பிடித்து, மச்சான்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயது, நல்ல கட்டுடம்பு. நான்கு மாதம் தினமும் வந்தார். ஆமென் சொல்வதில் அவர் குரல்தான் எல்லோரையும் விட உரத்து இருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டு, ஏலத்துக்கு மீன் வரும் நேரத்துக்குள் கரைக்குப் போகவேண்டும் அவருக்கு. என் ஜெபம் நீண்டுவிட்டால் நடுவிலேயே ஒரு ஆமென் போடுவார். வரிசையில் இருக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"இன்னா தம்பி, சாமிக்கு ஒரே சேதிய எத்தினி வாட்டி சொல்லுவே? அவரு காது நல்லாத்தான் இருக்கு" என்பார்.

எங்கள் மருந்தகத்துக்கு உதவிய சபை அமெரிக்காவில் இருந்தது. மாதம் ஒரு கடிதம் நான் எழுதவேண்டும். ஒரு கடிதத்தில், ஒரு மீனவர் எங்கள் ஜெபத்துக்கு மற்றவர்களைவிட உரத்து ஆமென் சொல்கிறார் என்று எழுதினேன். அது பொய்யில்லை. மறுகடிதத்தில் மிகவும் மகிழ்ந்து, அவரைப் பற்றி இன்னும் எழுதும்படி கேட்டிருந்தார்கள். அடுத்த மாதம், அவர் சத்தியத்தை நெருங்கி வருகிறார் என்று எழுதினேன். அதற்கடுத்த மாதம், அவர் ஞானஸ்நானம் கேட்கும் நாள் தொலைவில் இல்லை என்று எழுதினேன். அந்த மூன்றாவது கடிதத்தை எழுதிய மாலை எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நானே அதை நம்பினேன் என்றுகூட நினைக்கிறேன்.

தை மாதம் அந்தச் சபையிலிருந்து ஐந்து பேர் மூன்று வார ஊழியத்துக்கு வந்தார்கள். ஒரு போதகர், அவரோடு கல்லூரி வயதில் நான்கு பேர். அதில் ஒரு பெண் கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும். அவர்களைத் தங்கவைப்பதும் சோறு போடுவதும் ஊர் காட்டுவதும் என் பொறுப்பு. மாடியைக் கூட்டி, கொசுவலை கட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அக்காவும் நானும் அடுப்படியிலேயே கிடந்தோம். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டோம், கையால் ஏதாவது வேலை செய்தே ஆகவேண்டும் என்று, மருந்தகச் சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள்.

"பொங்கலுக்குத்தானே தம்பி சுண்ணாம்பு அடிச்சோம். பத்து நாளு கூட ஆவல" என்றார் அக்கா.

"விடுங்கோ அக்கா, ஆசையா அடிக்கினம்."

"அடிக்கட்டும். அப்படியே குப்பத்துக்கும் ஒரு பூச்சு பூசிட்டுப் போவச் சொல்லு."

போதகரைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் எழுத முடியாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். வயிறு கெட்டவர்களுடைய துணியை அவரே துவைத்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது பையிலிருந்து என் மூன்று கடிதங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. சபையில் அவற்றை வாசித்தாராம், ஜனங்கள் அழுதார்களாம். இந்தக் குழு கிளம்பி வந்ததே அந்த மீனவரைப் பார்க்கத்தான் என்றார். பிறகு, எனக்குத் தங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் கேட்டுப் பேசியிருப்பதாகவும் சொன்னார்.

"எப்போது ஞானஸ்நானம் கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா எதிரில்தான் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், அடுத்த வாரம் என்றேன்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காயமோ காய்ச்சலோ கண்டு வெகுநாள் கடலில் இறங்காமல் இருந்தவர், குணமானதும் ஒரு நாள் பார்த்துக் கடலில் முழுக்குப் போடுவார். அதற்குப் பிறகுதான் படகேறலாம். மீனவருடைய கால் ஆறிவிட்டது, கடலில் இறங்கலாம் என்று அக்கா அப்போதுதான் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணை, முழுக்கு எப்ப?"

"வெள்ளிக்கெழம காலையில. ஏன், நீயும் முழுவப் போறியா? ஒங்க ஊர்ல கடல் இல்லியா?"

"எங்கடை போதகர் உங்கடை காலுக்காக ஒரு ஜெபம் செய்ய விரும்புறார். முழுகேக்கை பக்கத்திலை நிப்பார். அவ்வளவுதான்."

"தாராளமா நிக்கட்டும். மருந்து அவுங்க ஊருதுதானே. நல்லா நிக்கட்டும்."

"அண்ணியைக் கூட்டி வரவேண்டாம். ஆக்கள் கூடினா அவருக்குக் கூச்சம்."

அவர் சிரித்தார். "அவ வந்தா கூச்சப்படறது அவரில்ல, நானு. சரி, வுடு."

வெள்ளிக்கிழமை விடிந்து சூரியன் ஒரு முழம் ஏறியிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் போதகர் ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம், நடுவில் நான். போதகர் ஆங்கிலத்தில், இயேசுவை உம் ஆண்டவராக ஏற்றுக்கொள்கிறீரா என்று கேட்டார். நான் தமிழில், கால் குணமானதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுறியளோ என்று கேட்டேன். அவர், "ஆமாம்பா, சொல்லாம?" என்றார். அவர் ஏற்றுக்கொள்கிறார் என்று போதகரிடம் சொன்னேன். போதகர் கண்களில் நீர் வழிய, அவர் முதுகைத் தாங்கிப் பின்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார்.

"கடல்லயே பொறந்தவன என்னா பயந்து பயந்து முக்குறாரு பாரு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் அவர்.

கரையில் நின்ற நான்கு பேரும் பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். தூரத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்த இருவர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்தக் கரையில் வேதக்காரர்கள் என்றால் கத்தோலிக்கர். அவர்கள் அறிந்த ஞானஸ்நானம் கோயிலுக்குள்ளே, பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்ப்பது. பெரிய ஆளைக் கடலில் அமிழ்த்துவது அவர்களுக்குத் தெரியாது. அதனால் விஷயம் அப்படியே அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் போதகர் என்னிடம் சொல்லாமல் தானே குப்பத்துக்கு நடந்துபோய், மீனவரைக் கட்டித் தழுவி, ஒரு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஞானஸ்நானச் சான்று. பெயரை எழுதும் இடத்தில் மீனவர் பெயர் என் கையெழுத்தில் இருந்தது. முந்தின இரவு போதகர் எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்வார் என்று எண்ணியிருந்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கடையில் அப்போது ஆறேழு பேர் நின்றார்களாம்.

மாசிமகத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். இந்தக் குப்பத்து அம்மன் பல்லக்கில் வலப்பக்க முன்தண்டு அவருடைய குடும்பத்து உரிமை. அவர் அப்பா தூக்கியது, அதற்கு முன் தாத்தா. வேதத்தில் சேர்ந்தவன் தோளில் அம்மன் எப்படி ஏறும் என்று பேச்சு எழுந்தது. பஞ்சாயத்துக் கூடியது. வேதத்தில் சேர்ந்தது நிஜமென்றால் பல்லக்கு மட்டும் போகாது. ஊர்ப் படகில் இடமில்லை, பெரிய வலையில் பங்கில்லை, பொதுக் கிணற்றில் தண்ணீரில்லை, அவர் மனைவி ஏலத்தில் கூடை வைக்கக் கூடாது. குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கேள்விப்பட்டதும் போதகர், என் சகோதரனைத் தனியே விடமாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

கோயிலை ஒட்டிய மணலில், பிற்பகல் வெயிலில், ஐம்பது அறுபது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் படகுகளின் அந்தப் பக்கம் நின்றார்கள். நாட்டார் என்று அவர்கள் அழைக்கும் ஊர்த் தலைவர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர், சத்தம் போடாமல் பேசுகிறவர். மீனவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன்.

"தோ, தம்பியே வந்துடுச்சி. அதையே கேளுங்க நாட்டாரே. காலுக்கு செபம்னு சொல்லுச்சி, நான் போனேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் மூணு பாட்டு பாடினாங்களா?" என்று ஒரு பங்காளி கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

நாட்டார் கையைக் காட்டி அடக்கினார். "சிலோன் தம்பி, இப்படி வா. இந்த அட்டையில இருக்கிற எழுத்து யாரோடது?"

"என்னுடையது."

"அவன் பொண்டாட்டிய வரவேணாம்னு சொன்னியாமே. ஏன்?"

போதகர் என் தோளைத் தொட்டு, என்ன கேட்கிறார் என்று கேட்டார். மீனவரின் விசுவாசத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்றேன். என் சகோதரன் தைரியமாகச் சாட்சி சொல்லட்டும் என்றார் போதகர்.

"சரி, அத வுடு" என்றார் நாட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. தண்ணியில எறங்கறப்ப, இது வேதத்துல சேர்றதுன்னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னு நீ சொன்னா ஏமாத்துனது நீ. அவன் மேல தப்பில்ல. வூட்டுக்குப் போவான்."

எனக்குப் பின்னால் போதகர் மூச்சு விடுவது கேட்டது. தெரியாது என்று நான் சொன்னால் அந்தக் கூட்டம் கூச்சலிடும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்பார். சிவப்புக் கோடு போட்ட மூன்று கடிதங்களும் பொய் என்று நானே அவருக்குச் சொல்லவேண்டி வரும். அமெரிக்கக் கல்லூரியும் அதோடு போகும். இதையெல்லாம் கணக்குப் போட எனக்கு அவகாசம் இருந்தது. பதறிப்போய் வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும்."

படகுகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"டேய், எங்க மொகத்தப் பாத்து சொல்லுடா! எங்க வூட்டு மீன தின்ன வாயாடா இது? தலைய தூக்குடா!"

நான் தலையைத் தூக்கவில்லை. மீனவர் என்னையே பார்த்துவிட்டு, "வா, போவலாம்" என்று மனைவியை அழைத்துக்கொண்டு நடந்தார். நாட்டார் தீர்ப்பைச் சொன்னபோது அவர்கள் பாதி தூரம் போயிருந்தார்கள். போதகர் கேட்டதற்கு, அவர் தன் விசுவாசத்துக்காகத் துன்பப்படப் போகிறார் என்று சொன்னேன். போதகர் மணலில் மண்டியிட்டு ஜெபித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார்.

"அவருக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாது அக்கா."

அடுத்த நாளிலிருந்து ஜெபத்தை அக்காவே சொன்னார். எனக்குப் பஞ்சு வெட்டும் வேலையைக் கொடுத்தார். குழு கிளம்பும் நாளில் அவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, ரயிலடிக்கு வராமல் இருந்துவிட்டார்.

அந்த வருட மாசிமகத்துக்கு நான் போகவில்லை. குப்பத்தில் அந்த வீடு தட்டி சாத்திக் கிடந்தது. மனைவியின் உறவுக்காரர்கள் உழவர்கரைப் பக்கம் இருந்தார்கள், இருவரும் அங்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அமெரிக்காவிலிருந்து கல்லூரிப் படிவம் வந்தது. நிரப்பி அனுப்பினேன். இதையும் மறைக்கக் கூடாது.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், கடற்கரையில் கப்பல்களுக்குப் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த பக்கமாகப் போனேன். தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். அவர்தான். காலில் மறுபடியும் கட்டு. அந்தக் கட்டைக் கட்டியது யார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. பத்தடி தூரத்தில் கடல் இருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லை இறக்கினார்.

"இன்னா தம்பி" என்றார். "இன்னும் யாருக்கானா கால் வலிக்குதா?"

கூட இருந்தவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சு. அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே போதகருக்கு எழுதினேன். மூன்று கடிதங்கள், கடலில் நான் மாற்றிச் சொன்ன கேள்வி, பஞ்சாயத்தில் சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு நாட்டாரிடம் போய் நேரில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"எட்டு மாசம் பொறுத்து வந்திருக்கே. அன்னிக்கு தெரியும்னே. இன்னிக்கு தெரியாதுன்றே. எது நெசம்?"

"இன்றைக்குச் சொல்வது."

"அன்னிக்கும் இதே மொகந்தான் வச்சிருந்தே."

போதகரின் பதில் மார்கழியில் வந்தது. எனக்கு ஒரு தாள். கல்லூரி இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், எனக்காகவும் தனக்காகவும் ஜெபிப்பதாகவும் இருந்தது. நாட்டாருக்கென்று தனியாக மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு போய், படித்துத் தமிழில் சொல்கிறேன் என்றேன்.

நாட்டார் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ படிச்சா அதுல என்னா இருக்குன்னு நாங்க எப்படி நம்பறது?"

அவர்கள் ஊருக்குள்ளிருந்து இங்கிலீஷ் தெரிந்த ஒரு குமாஸ்தாவை அழைத்துவந்தார்கள். மறுபடியும் பஞ்சாயத்துக் கூடி அந்தக் கடிதத்தைப் படித்துக் கேட்டது. அந்த மனிதர் ஏமாற்றப்பட்டார், நானும் அறியாமல் அதற்குத் துணைபோனேன், உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போதகர் எழுதியிருந்தார். பிறகு என்னை எழுப்பி நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். இம்முறை தலையைத் தூக்கிச் சொன்னேன். மீனவர் ஓரத்தில் நின்றார். அவர் மனைவி வரவில்லை.

அவரை ஊரில் சேர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, கடலில் முழுகி, படகேறலாம். எனக்கு என்ன தண்டனை என்று நானே கேட்டேன்.

"ஒனக்கா?" என்றார் நாட்டார். "தண்டம் ஊர்க்காரனுக்குத்தான். நீ இந்த ஊரா?"

கூட்டம் கலைந்தது. நான் மீனவரிடம் போய், அண்ணை என்றேன்.

"சொல்லிட்டே இல்ல, போதும் வுடு" என்றார் அவர். "வலை எல்லாம் எலி கடிச்சிக் கெடக்குது. அந்த வேலய பாக்கணும்."

முன்தண்டு மட்டும் திரும்பி வரவில்லை. அவருக்குப் பதிலாக முந்தின மாசிமகத்தில் தூக்கிய பங்காளி விட்டுக்கொடுக்க மறுத்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்டார் சொன்னாராம். அந்த மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில், கூட்டத்தோடு நானும் நின்றேன். அந்தக் குப்பத்து அம்மன் வந்தது. வலப்பக்க முன்தண்டில் பங்காளியின் தோள். மீனவர் பல்லக்குக்குப் பின்னால், மற்ற ஆண்களோடு நடந்து வந்தார். கால் லேசாகச் சாய்ந்தது.

அவர் மனைவி என்னைக் கண்டுவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"நீ இங்க நிக்காதே. ஒன்னப் பாத்தா மறுபடியும் பேச்சுக் கெளம்பும். இப்பத்தான் நாலு பேரு எங்கூட பேசறாங்க. போயிடு தம்பி."

சரி அண்ணி என்று சொல்லிவிட்டு, தீர்த்தவாரி முடியும் முன்பே கிளம்பினேன். அடுத்த மாதம் என் இரண்டு வருடம் முடிந்தது. முன்தண்டு அவருக்குக் கிடைத்ததா என்று யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவுக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கால் ஆறிவிட்டது, படகில் போகிறார் என்று எழுதினார். நான் கேட்டதற்கு இரண்டு முறையும் பதில் எழுதவில்லை.